நாவலும் திருத்தப்படிகளும்: படுவான்கரை வழக்கை முன்னிறுத்திய ஒரு நோக்கு

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தோர் பாடபேதங்களை நுணுகி ஆராய்ந்தனர். சி. வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் 1887 ஆம் ஆண்டில் வெளிவந்தவை. ஏட்டுக்கு ஏடு வேறுபடும் சொல்லை அவ்வறிஞர்கள் புறக்கணித்தாரல்லர். நாவலைப் பொறுத்தவரையிலோ அச்சேறிய இறுதி வடிவத்தை மட்டும் கொண்டே நாம் பெரும்பாலும் முடிபு கூறுகின்றோம். ஆசிரியர் முதலில் எழுதியது யாது, நீக்கியது யாது, ஏன் நீக்கினார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. திருத்தம் என்பதைப் பிழைகளைதல் என்ற அளவிற் கொள்வது பொருந்தாது. கதையை யாருடைய மொழி தாங்கி நிற்பது என்பதைத் துணியும் இடம் அதுவே என்பது நம் கருத்து.

தமிழ் நாவலில் இத்துணிபுக்கு வேண்டிய அவகாசத்தைப் பல வேளைகளில் வரையறுத்தது இதழ்த் தொடராகும். பி. ஆர். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 1895 வரை விவேகசிந்தாமணியில் தொடராக வந்து, 1896 இல் நூலாயிற்று. கல்கியின் பொன்னியின் செல்வன் வாரந்தோறும் வளர்ந்து 1954 இல் நிறைவுற்றது. அவ்வாண்டு டிசம்பரிலேயே ஆசிரியர் மறைந்தார். முழுமையையும் மீண்டும் எழுதிப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. சுந்தர ராமசாமியின் ஒரு புளியமரத்தின் கதை இதற்கு மாறான நெறியிற் சென்றது. சரஸ்வதி இதழில் சில அத்தியாயங்கள் வெளிவந்து நின்றபின், 1966 இல் அது நூலாக முற்றுப்பெற்றது. தாமோதர ஆசானின் வாய்மொழியில் தொடங்கும் கதை, பின்னர் கடைத்தெருவின் வம்பாகவும் தேர்தற் பூசலாகவும் விரிகின்றது. இவ்வமைப்பு எவ்வாறு உருப்பெற்றது என அறிய விழைவோர் இதழ் வடிவத்தையும் நூல் வடிவத்தையும் வரிக்கு வரி ஒப்புநோக்குதல் வேண்டும்.

மொழித் துணிபு எத்துணை இடர்ப்பாடுடையது என்பதற்குத் தோல்ஸ்தோய் சான்றாவார். 1869 இல் முற்றுப்பெற்ற போரும் அமைதியும் நாவலில் உருசியப் பிரபுக்கள் பிரெஞ்சு பேசுகின்றனர். 1873 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் பிரெஞ்சுப் பகுதிகளை உருசியமாக்கினார். வரலாற்றுச் சிந்தனைகளைப் பிற்சேர்க்கைக்கு மாற்றினார். பிந்திய பதிப்புகளிலோ அவை மீண்டும் பழைய இடத்தைப் பெற்றன. வாசகனுக்கு எளிமை செய்யும் திருத்தம், ஒரு வர்க்கத்தின் நாவில் இருந்த அந்நியத்தை அழித்துவிடக்கூடும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

இப்பாடத்தை நம் மண்ணிற் பொருத்திப் பார்ப்போம். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் உட்செல்லக் கரடியனாறு வரும். அப்பகுதி வேளாண்மையை எழுதப் புகும் ஒருவர் முதற்படியில் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: “போடியார் வட்டைக்குள் இறங்கினார். களவெட்டியில் முல்லைக்காரன் நின்றான்.” பிறபகுதி வாசகருக்கு விளங்காதென அஞ்சி, இரண்டாம் படியில் அவர் மாற்றுகின்றார்: “நிலக்கிழார் வயலுக்குள் இறங்கினார். நெற்களத்தில் வேலையாட்களின் தலைவன் நின்றான்.” பொருள் தெளிந்தது, ஊர் மறைந்தது. போடியார் என்ற சொல்லில் நிலவுடைமையோடு குடிமதிப்பும் ஊர்ச்செல்வாக்கும் அடங்கியுள்ளன. நிலக்கிழாரோ எவ்வூரிலும் இருக்கக்கூடியவர்.

மூன்றாம் படி வேறொரு வழியை நாடலாம்: “போடியார் வட்டைக்குள் இறங்கியபோது களவெட்டியில் சூடு பாதி கலைந்திருந்தது. முல்லைக்காரன் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.” இங்கு அடிக்குறிப்பு வேண்டப்படவில்லை. துண்டை எடுத்த கை இருவரின் உறவையும் உணர்த்திவிட்டது. நல்ல திருத்தம் அருஞ்சொல்லை அகற்றாது, அது தானே விளங்கும் சூழலைப் படைக்கின்றது.

இதன் மறுதலையும் உண்டு. வட்டாரச் சொற்களை அடுக்கிவிட்டாலே மண்மணம் கமழும் என்பாருமுளர். ‘என்னகா’ என்ற விளி பக்கந்தோறும் வருமாயின் அதன் நெருக்கம் தேய்ந்து வெறும் அடையாளமாகிவிடும். சொற்களையும் வழக்காறுகளையும் தொகுத்துரைக்கும் பணியை வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964 இலேயே சிறப்புறச் செய்துள்ளது. நாவலாசிரியரின் பணி தேர்தலும் விடுதலுமாகும்.

இம்மூன்று படிகளுள் இறுதியானது மட்டும் எஞ்சின், ஆசிரியர் எங்கே அஞ்சினார், எங்கே துணிந்தார் என்பதை எவ்வாறு அறிவோம்? இவ்வினா மட்டக்களப்பில் வெறும் ஏட்டுவினாவன்று. 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளி கூரைகளோடு கடதாசிகளையும் கொண்டுபோயிற்று. 2007 இன் தொடக்க மாதங்களிற் படுவான்கரை மக்கள் போரினாற் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். உயிரையும் பிள்ளைகளையும் காத்து ஓடியோர் கொப்பிகளைச் சுமந்து சென்றிருப்பர் என எதிர்பார்த்தலாகாது.

ஆகவே, எஞ்சியுள்ள கையெழுத்துப்படிகளும் தொடர் வெளிவந்த இதழ்களும் திகதியிட்டுச் சேகரிக்கப்படல் வேண்டும். பல்கலைக்கழக நூலகங்களும் தமிழ்ச் சங்கங்களும் இதனைத் தம் கடனாகக் கொள்ளுதல் தகும். எழுத்தாளரும் அடித்த வரிகளைக் கிழித்தெறியாதிருப்பாராக. ஏட்டுச்சுவடியின் ஒரு சொல்லுக்காக ஊரூராக அலைந்த மரபினர் நாம். நம் காலத்து நாவலின் அடித்தெழுதிய தாளையும் அவ்வாறே மதித்தல் முறையாகும்.