மூன்று அறைகளின் மௌனம்

ஓவியத்திற்கு உரிய பொருள் எது? அரசவையா, போர்க்களமா, செல்வர் மாளிகையா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய ஓவியர் சிலர் இவற்றை விட்டு விலகி, வாடகை அறைகளையும் காலைத் தேநீரையும் சன்னலோர நாற்காலியையும் தீட்டினர். வட இலண்டனின் எளிய குடியிருப்பொன்றின் பெயரால் 1911ஆம் ஆண்டு அமைந்த கேம்டன் டவுன் குழு இவ்வகையில் பெயர் பெற்றது. எளியோர் வாழ்வைத் தீட்டியவர்கள் என்று இவர்களைப் புகழ்வதுண்டு. ஆயின், எளியோரைத் தீட்டுவது வேறு. அவர்களை மதிப்பது வேறு. மூன்று ஓவியங்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும்.

முதலாவது, ஏறத்தாழ 1914இல் வால்ட்டர் சிக்கர்ட் தீட்டிய, ‘சலிப்பு’ எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் கொண்ட ஓவியம். மேசையருகே ஒருவன் சுருட்டுப் புகைத்தவாறு சாய்ந்திருக்கிறான். பின்னால் ஒரு பெண் சுவரை நோக்கி நிற்கிறாள். கண்ணாடிக் கூண்டினுள் பாடம் செய்த பறவைகள். ஓரறையில் வாழும் இருவரிடையே ஒரு சொல்லும் இல்லை. 1934இல் சிக்கர்ட்டைப் பற்றி எழுதிய வர்ஜீனியா உல்ஃப், அவரைக் கதைசொல்லியாகவே கண்டார். கதை உண்மைதான். ஆனால் சிக்கர்ட் வாசலில் நின்று பார்க்கிறார். நம்மையும் அங்கேயே நிறுத்திவிடுகிறார். அவ்விருவரின் துயரம் நமக்குக் காட்சியாகிறதே ஒழிய, உறவாகவில்லை.

இரண்டாவது, அதே குழுவைச் சேர்ந்த ஹெரால்ட் கில்மன், முதல் உலகப் போர்க்காலத்தில், 1916-17இல் தீட்டிய ‘காலையுணவு மேசையில் திருமதி மவுன்ட்டர்’. தலையில் துணி கட்டிய உழைப்பாளி மூதாட்டி. முன்னே தேநீர்க் கெண்டியும் கோப்பைகளும். சிக்கர்ட்டின் இருண்ட வண்ணங்களைத் துறந்து, செம்மஞ்சளும் நீலமும் ஒளிரத் தீட்டியிருக்கிறார் கில்மன். அம்மூதாட்டி நம்மை நேராக நோக்குகிறார். அப்பார்வையில் இரங்கற்குறிப்பு இல்லை, முறையீடும் இல்லை. அவர் மேசைக்கு எதிரே அமர்ந்த விருந்தாளிகளாக நாம் மாறிவிடுகிறோம். இங்கே மௌனம் கண்ணியமாகிறது.

மூன்றாவது, குவென் ஜான் 1907க்கும் 1909க்கும் இடையே தீட்டிய, பாரிசில் தம் அறையின் ஒரு மூலை. சாய்வான கூரையின் கீழ்ப் பிரம்பு நாற்காலி, அதன்மேல் சார்த்திய சிறு குடை, மேசையில் மலர்கள், திரையினூடே கசியும் வெளிச்சம். மனிதர் எவரும் இல்லை. எனினும் தனித்து வாழும் ஒரு பெண்ணின் ஒழுங்கும் பொறுமையும் அங்கே நிறைந்திருக்கின்றன. உருவம் வரைவது குறித்து நம்மிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு. எக்கருத்தினரும் இவ்வோவியத்தின் முன் தயக்கமின்றி நிற்கலாம்.

கேம்டன் டவுன் குழு பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். குவென் ஜானின் தம்பி அகஸ்டஸ் ஜான் அதில் உறுப்பினர். அந்நாளில் பெரும்புகழ் பெற்றவரும் அவரே. இல்லத்தின் அமைதியைத் தம் பொருளாகக் கொண்ட குழு, இல்லத்தை உள்ளிருந்து அறிந்தவர்களுக்குக் கதவடைத்தது முரணன்றோ?

கில்மன் 1919இல் இன்புளுவென்சாவுக்கு இரையானார். குவென் ஜான் 1939இல் மறைந்தார். இருவரும் 1876இல் பிறந்தவர்கள். சிக்கர்ட்டின் தூரிகை இவர்களினும் வலியது எனலாம். ஆயினும் வறியோர் இல்லத்துள் நுழையும் கலைஞன், படைப்போன் எவனாயினும், முதலில் ஸலாம் உரைத்து அனுமதி பெற வேண்டும். அந்த ஒழுக்கம் பின்னிருவரின் ஓவியங்களில் இருக்கிறது.