கேஸ் முடியாத டொக்டர்

பொலிஸ் என்று பெரிய எழுத்தில் எழுதிய ஒரு நீலப் பெட்டி. ஆபத்து வருகிறபோதெல்லாம் நல்லவர்கள் அந்தப் பெட்டியை நோக்கி ஓடுகிறார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் அவர்கள் முகத்தில் நிம்மதி வருகிறது. 1987 மாரியில், டோர்செட் பார்க்கில், கெனடி வீதிக்கு அருகே கிளமோர்கன் அவெனியூவில் இருந்த ஒரு தொடர்மாடியின் பதினோராம் மாடியில் அம்மா இதை முதன்முதலாகக் கண்டபோது கையிலிருந்த தேங்காய்ப்பூத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "உதுக்குள்ளையோ ஓடுறாங்கள்? விசர் பிடிச்சுப்போச்சோ?" என்று கேட்டார். நாங்கள் கொழும்பை விட்டு வந்து அப்போது நாலு மாதம்கூட ஆகவில்லை.

அந்தத் தொடர் டொக்டர் ஹூ. எனக்கு ஒன்பது வயது. ரிவி ஒன்ராறியோ என்ற மாகாணக் கல்வி அலைவரிசை அதை 1976 முதல் 1991 வரை ஒளிபரப்பியது. எங்களிடம் கேபிள் இல்லை. வளையம்போன்ற அன்ரெனாவைத் திருகித் திருகி 19ஆம் சானலைப் பிடிக்க வேண்டும். 401 பெருந்தெருவில் பெரிய லொறி போனால் படம் நடுங்குகிறது என்று சித்தப்பா நம்பினார். இரண்டு அறை வீட்டில் அப்போது நாங்கள் ஒன்பது பேர். டொக்டரின் பெட்டி வெளியே சிறிது, உள்ளே மிகப் பெரிது என்பதைக் கண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் வியந்திருக்கலாம். எனக்கு அதில் வியப்பில்லை. எங்கள் வீடும் அப்படித்தான், ஒன்பது பேர் படுத்தெழும்பின இடம்.

நான் முதலில் கண்ட டொக்டர் பீற்றர் டேவிசன். வெள்ளைக் கிறிக்கெற் உடுப்பு, கோட்டின் மடிப்பில் ஒரு செலறித் தண்டு. அம்மாவுக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. ஆனால் சந்தேகங்கள் இருந்தன. "டொக்டர் எண்டா ஏன் ஒருத்தருக்கும் ஊசி போடேல்லை?" என்பது முதலாவது. "உவர் எந்த ஊர்?" என்பது இரண்டாவது. தூரத்துக் கிரகம் என்றேன். "ஏன் ஊருக்குப் போறேல்லை?" எனக்கு அப்போது ஆங்கிலம் அரைகுறை, தெரியாது என்றேன். அம்மா கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "கேஸ் முடியேல்லைப் போல" என்றார். எங்கள் கேஸும் அப்போது முடிந்திருக்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அம்மாவின் அந்த வசனந்தான். முப்பது வருடத்துக்கு மேலாக இத்தொடர் பற்றி ஆங்கிலத்தில் வந்தவற்றை வாசித்திருக்கிறேன். அதில் பாதியேனும் பிரதி, மற்றமை, பெருங்கதையாடல் என்று எங்கள் சிறுபத்திரிகைகளையும் தோற்கடிக்கிற பாணியில் எழுதப்பட்டவை. அவற்றைவிட அம்மாவின் வாசிப்புத் துல்லியமானது.

1963 நவம்பர் 23 அன்று, அமெரிக்க ஜனாதிபதி கெனடி சுடப்பட்டதற்கு மறுநாள், முதல் எபிசோட் பிபிசியில் வந்தது. அதிலேயே டொக்டர் தானும் தன் பேத்தியும் சொந்தக் கிரகத்திலிருந்து துண்டிக்கப்பட்டவர்கள் என்று சொல்லிவிடுகிறார். காரணம் சொல்லப்படுவதில்லை. இதை உண்டாக்கியவர்கள் யார் என்று பார்த்தால் இந்த அம்சம் தற்செயலாக வந்தது என்று நினைக்க முடியவில்லை. தொடருக்குக் கரு கொடுத்தவர்களில் முதன்மையானவரான சிட்னி நியூமன் எங்கள் ரொறன்ரோவில் 1917இல் பிறந்தவர். ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடியேறியின் மகன். பிபிசி நாடகப் பிரிவுக்குத் தலைவராகப் போன கனடியன். அவர் தயாரிப்பாளராகத் தெரிந்தெடுத்த வெரிற்றி லாம்பேட் இருபத்தேழு வயது யூதப் பெண். முதற் கதையை நெறிப்படுத்திய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்து சிறுவனாக இங்கிலாந்துக்கு வந்தவர். எழுத்தாளர் அத்தியா ஹொசைனின் மகன். அன்றைய பிபிசியின் உள்வட்டத்துக்குப் புறத்தியான மூன்று பேர் சேர்ந்து, எந்த இடத்திலும் ஒட்டாத ஒரு கிழவனைப் படைத்தார்கள்.

ஆனால் அம்மா சொன்ன அந்தக் கேஸ் உண்மையிலேயே நடக்கிறது. 1969இல், ஆறாவது பருவத்தின் கடைசியில், யுத்த விளையாட்டுகள் என்று தமிழில் சொல்லக்கூடிய பத்து எபிசோட் கதை. எழுதியவர்கள் மல்கம் ஹல்க், ரெரன்ஸ் டிக்ஸ். நான் இதை இருபது வயதுக்குக் கிட்ட வீடியோ கசெற்றில்தான் பார்த்தேன். அதுவரை டொக்டரின் மக்களுக்குப் பெயரே இல்லை. காலத்தின் பிரபுக்கள் என்று அவர்கள் முதன்முதலாகத் தோன்றுவது இங்கேதான், தோன்றுவது நீதிபதிகளாக. மற்றவர்களின் விவகாரத்தில் தலையிட்டான் என்பது குற்றச்சாட்டு. டொக்டர் தன் தரப்பைச் சொல்கிறார். தான் கண்ட கொடுமைகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். இவ்வளவு சக்தி இருந்தும் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று திருப்பிக் குற்றஞ்சாட்டுகிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பின்பும் தண்டனை விதிக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டுப் பூமிக்கு நாடுகடத்தல். முகம் மாற்றப்படும். பெட்டியை இயக்குகிற இரகசியம் மூளையிலிருந்து எடுக்கப்படும். இதை நான் பார்த்தபோது, ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் மொழிபெயர்ப்பாளரோடு இருந்து அப்பா பதில் சொன்ன நாள் ஞாபகம் வந்தது. அவர் சொன்னதை நம்பினார்கள் என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

அதைவிடக் கொடியது டொக்டரின் தோழன் ஜேமிக்கு நடப்பது. ஜேமி ஸ்கொட்லாந்து மலைநாட்டுப் பெடியன். 1746இல் கலொடன் சமரில் தோற்ற பக்கத்தில் நின்றவன். அவனை நீதிபதிகள் தண்டிக்கவில்லை. ஊருக்கு அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். அனுப்பமுன் டொக்டரோடு திரிந்த காலம் முழுவதையும் அவன் நினைவிலிருந்து எடுத்துவிட்டு, முதல் சந்திப்பை மட்டும் விடுகிறார்கள். அவன் போய் இறங்குவது தோற்ற அதே யுத்தகளத்தில். செஞ்சட்டைச் சிப்பாய் ஒருவன் அவனை நோக்கிச் சுடுகிறான். ஜேமி வாளை ஓங்கிக்கொண்டு பாய்கிறான். பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியில், பின்னேரத்தில், திருப்பி அனுப்புதல் என்பது என்ன என்று இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறொரு காட்சியை நான் அறியேன்.

அடுத்த மூன்று வருடங்கள், 1970 முதல், நாடுகடத்தப்பட்ட வாழ்க்கை. ஜோன் பேர்ட்வீதான் டொக்டர். அண்டமெல்லாம் திரிந்தவர் இப்போது ஐக்கிய நாடுகளின் இராணுவப் பிரிவு ஒன்றுக்கு ஆலோசகராக வேலை செய்கிறார். மேலதிகாரி ஒரு பிறிகேடியர், நல்ல மனிதன், ஆனால் முதலில் சுடு பிறகு யோசி என்கிற ரகம். ஓய்வுநேரத்தில் டொக்டர் பெட்டியின் இயந்திரத்தைக் கழற்றி மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, எந்தக் கம்பியை எங்கே கொழுவினால் கிளம்பும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். டோர்செட் பார்க்கில் அந்த நாட்களில் ஊரில் கணக்காளராகவும் ஆசிரியராகவும் இருந்துவிட்டு எல்ஸ்மியர் வீதிப் பக்கத்துப் பக்ரறிகளில் இரவு வேலை செய்தவர்கள் எத்தனை பேர். விடிய வந்து தேத்தண்ணியோடு பத்திரிகையை மேசையில் பரப்பி, எந்தப் பேச்சுவார்த்தை சரிவந்தால் எப்போது திரும்பலாம் என்று கணக்குப் பார்த்தவர்கள். இத்தொடரின் மிகச்சிறந்த பகுதி இந்தக் காலந்தான் என்பது என் கட்சி. ரசிகர்களில் பலர் பிறகு வந்த ரொம் பேக்கரை, அந்த நீண்ட மவ்ளரைத்தான் கொண்டாடுவார்கள். கொண்டாடட்டும். பேர்ட்வீயின் டொக்டரிடம் ஒரு எரிச்சல் இருக்கிறது. உபசரிக்கிற நாட்டின் மீது அகதிக்கு வருகிற, சொன்னால் நன்றிகெட்டவன் என்று பெயர் வரும் என்பதால் சொல்லாமல் விடுகிற எரிச்சல். அவர் அதை மறைப்பதில்லை.

1973 தொடக்கத்தில், மூன்று டொக்டர்கள் சேர்ந்து தோன்றும் ஆண்டுவிழாக் கதையின் முடிவில், செய்த உதவிக்குப் பரிசாகத் தண்டனை நீக்கப்படுகிறது. இது மலிவான முடிவு. நல்ல பிள்ளையாக நடந்தால் விசா என்ற மாதிரி. ஆனால் எழுதியவர்கள் அறியாமலே ஓர் உண்மை இதற்குள் புகுந்துவிட்டது. பாதை திறந்த பிறகும் அவர் ஊருக்குப் போய்க் குடியிருப்பதில்லை. 1976இல் ஒருமுறை போகிறார். அங்கே சட்டத்தையும் சடங்கையும் கட்டியழுகிற கிழவர்களின் கூட்டம். வந்த வேகத்தில் திரும்பிவிடுகிறார். 2002இல் ஏ9 பாதை திறந்தபோது போய் மூன்று கிழமையில் திரும்பி வந்த எங்களில் பலருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2005இல் தொடர் மீண்டும் தொடங்கியபோது ஒரு பெரிய மாற்றம் செய்தார்கள். டொக்டரின் கிரகம் யுத்தத்தில் எரிந்துவிட்டது. அவர் தன் இனத்தின் கடைசி மனிதர். விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். எங்கள் பெடியளும் புகழ்ந்தார்கள், 2009 மே மாதத்துக்குப் பிறகு இன்னும் கூடுதலாக. மழையில் நனைந்து நின்று, என் மக்கள் எல்லோரும் அழிந்துவிட்டார்கள் என்று சொல்கிற நாயகன் மீது எவருக்கும் காதல் வரும். எனக்கு உடன்பாடில்லை. 1969இன் டொக்டருக்கு ஊர் இருக்கிறது. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், வழக்கு நடக்கிறது, அதிகாரம் நடக்கிறது. அவரை விடுகிறார்களில்லை, அவ்வளவே. 2005இன் டொக்டருக்கு ஊர் ஓர் அழகான துயரம். அதற்குக் கடிதம் எழுதத் தேவையில்லை, காசு அனுப்பத் தேவையில்லை, அது உங்களோடு முரண்படாது. எங்கள் புகலிட எழுத்தில் கணிசமான பகுதி இந்த இரண்டாவது டொக்டரின் எழுத்து. நானும் எழுதியிருக்கிறேன். யாழ்ப்பாணம் எரிந்து சாம்பலாகப் போனதுபோலப் புலம்புவோம். அங்கே அப்போது ஒருவர் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருப்பார். 2013இல் அந்தக் கிரகம் அழியவில்லை, ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று கதையை மாற்றினார்கள். தாமதமான திருத்தம். 2023இல் டொக்டர் வேடத்துக்கு ருவண்டாவில் பிறந்து, 1994 படுகொலையின்போது குழந்தையாக ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஷுற்றி கற்வா வந்தார். அவர் நடந்துவந்த காட்சியை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "உவருக்காவது பேப்பர் கிடைச்சிருக்கும்" என்றார்.

இத்தொடரை நான் முழுக்க ஆதரிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1977இல் வந்த வெங்சியாங் கதையில் ஒரு வெள்ளைக்கார நடிகர் கண்ணை இழுத்து ஒட்டிக்கொண்டு சீனனாக நடிக்கிறார். மந்திரவாதி, அபின், பெண்கடத்தல், எல்லாம் இருக்கிறது. ரிவி ஒன்ராறியோ 1980இல் கனடியச் சீன சமூகத்தினரைக் கலந்தாலோசித்து அதை ஒளிபரப்பாமல் விட்டது. பிரித்தானிய ரசிகர்கள் இன்றைக்கும் அதைத் தலைசிறந்த கதைகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள். ஸ்காபரோவில் சீனப் பிள்ளைகளோடு ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போன எனக்கு ரிவி ஒன்ராறியோ செய்தது சரியென்றே படுகிறது.

அதே அலைவரிசையில் நான் வரமுன்பு, 1978 முதல் 1981 வரை, எபிசோட் முடிந்ததும் ஓர் அம்மையார் தோன்றிச் சில நிமிடம் அதை விமர்சிப்பாராம். ஜூடித் மெரில். வியட்நாம் யுத்தத்தை வெறுத்து 1968இல் அமெரிக்காவை விட்டு ரொறன்ரோ வந்த விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர். தன் சொந்தப் புத்தகங்களை நகர நூலகத்துக்குக் கொடுத்து 1970இல் ஒரு தனிச்சேகரத்தைத் தொடங்கினார். கொலிஜ் வீதிக் கிளையில் அது அவர் பெயரில் இன்றும் இருக்கிறது. அங்கே இருந்துதான் இக்கட்டுரைக்கு வேண்டியவற்றில் பலதையும் வாசித்தேன். நாட்டை விட்டு வரும்போது புத்தகத்தையும் கொண்டுவர முடிந்தவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

இனிக் கசெற் கதை. பிபிசி அறுபதுகளில் எடுத்த எபிசோடுகளில் நூற்றுக்குக் கிட்ட இன்று பிபிசியிடம் இல்லை. கொள்ளை போகவில்லை, தீப்பிடிக்கவில்லை. நாடா விலை கூடியது, மீண்டும் பாவிக்கலாம் என்று அவர்களே அழித்தார்கள். பிரதிகளையும் இடம் போதாதென்று எறிந்தார்கள். தப்பியவற்றில் பல தப்பியது வெளிநாட்டில். 1967இன் சைபர்மன் கல்லறைக் கதை 1991 முடிவில் ஹொங்கொங்கிலிருந்து கிடைத்தது. வேறொரு முழுக்கதையும் இன்னொன்றின் பெரும்பகுதியும் நைஜீரியாவின் ஜொஸ் நகரில் ஓர் ஒளிபரப்பு நிலையத்தில் கிடந்து 2013இல் வெளிவந்தன. தொலைந்த எபிசோடுகள் அனைத்தினதும் ஒலி மட்டும் தப்பியிருக்கிறது. அதைக் காப்பாற்றியவர்கள் பிள்ளைகள். அந்த நாளில் ரெலிவிஷனுக்கு முன்னால் ரேப் றெக்கோடரை வைத்துத் தங்களுக்காகப் பதிவுசெய்த பிரித்தானியப் பிள்ளைகள்.

நானும் பதிவுசெய்தேன். எங்களிடம் வீடியோ டெக் இல்லை. ஆங்கிலம் பிடிபடவேண்டும் என்பதற்காக, டொக்டர் சொல்வதைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சொல்லிப் பார்ப்பேன். வகுப்பில் நான் கதைத்த ஆங்கிலத்தை ஏன் இங்கிலாந்துக்காரன்போல் கதைக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். கசெற் வாங்கக் காசில்லை. அலுமாரியில் கிடந்த ஒன்றை எடுத்தேன். அது ஊரிலிருந்து அம்மம்மா பேசி அனுப்பிய கசெற். கடிதம் எழுத அவருக்குக் கண் தெரியாது. கொழும்புக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்து, அங்கிருந்து தபாலில் வந்தது. எல்லோரும் கேட்டாயிற்று, இனி என்ன என்று நினைத்தேன். ஒன்பது வயது.

அம்மா அடிக்கவில்லை. "அடுத்ததை அனுப்புவா தானே" என்றார். அடுத்தது வரவில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அம்மம்மா சாவகச்சேரி வரை நடந்தார். அங்கேயே முடிந்துபோனார்.

கசெற் என்னிடம் இருக்கிறது. சி-60, ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். எபிசோட் ஒன்று இருபத்தைந்து நிமிடம். கடைசி இசை முடிந்து ஒரு கிளிக் சத்தம். பிறகு பாதி வசனத்திலிருந்து அம்மம்மா. கிணத்தடி வாழை குலை தள்ளிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்குக் கதியால் போடுகிறார், எங்கள் பக்கம் ஒரு முழம் தள்ளி. தம்பி குளிருக்குள் வெளியே விளையாடுகிறவனோ, தலைக்குத் தொப்பி போட்டு விடு. பின்னால் ஒரு சைக்கிள் மணி, யாரையோ வா இரு என்கிறார். அப்புறம், "இந்தப் பக்கம் முடியப்போகுது போல கிடக்கு. முக்கியமானது ஒண்டிருக்கு, மற்றப் பக்கத்திலை சொல்லுறன்" என்கிறார்.

மற்றப் பக்கத்தில் அடுத்த எபிசோட் இருக்கிறது. அது முடிந்த பிறகு உள்ள ஐந்து நிமிடமும் வெறும் இரைச்சல். அம்மம்மா அதற்குமுன் பேசி முடித்திருக்க வேண்டும். என்ன சொன்னவ என்று அம்மாவிடம் கேட்டேன். நினைவில்லை என்றார்.