ஏழு பிராகாரமும் அணுவின் படமும்

திருவரங்கம் பெரிய கோயிலுக்கு ஏழு பிராகாரங்கள். நடுவே கருவறை, அதைச் சூழ்ந்து ஒன்றன்பின் ஒன்றாக மதில்கள். வேதியியல் நூல்கள் அணுவுக்குச் சொல்லும் எலக்ட்ரான் கூடுகளும், கே முதல் கியூ வரை, ஏழே. காவிரிக் கரையில் அணு அமைப்பைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதைவிடக் கைக்கெட்டிய உவமை கிடைப்பது அரிது. கருவறையே அணுக்கரு, பிராகாரங்களே எலக்ட்ரான்கள் சுற்றிவரும் வீதிகள். ஒருமுறை கேட்ட மாணவர் பிறகு மறக்கமாட்டார்.

மறக்கமாட்டார் என்பதுதான் இங்கே சிக்கல். நம் பள்ளி நூல்களிலும், அவற்றை ஒட்டி எழுதப்படும் எளிய அறிவியல் நூல்களிலும், அணுவின் வரலாறு பெரும்பாலும் படங்களின் வரிசையாகவே வருகிறது. முதலில் டால்டனின் உருண்டை. பிறகு எலக்ட்ரான்கள் பதிந்த தாம்சனின் உருண்டை. பிறகு ரூதர்போர்டின் அணுக்கரு. இறுதியில் நீல்ஸ் போரின் வட்டங்கள். ஒரு படம் போகிறது, இன்னொன்று வருகிறது. முன்னது ஏன் போயிற்று, பின்னது எந்தச் சான்றின் பேரில் வந்தது என்பவை ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. இம்முறை சரிதானா என்று ஆராய, நம் ஊர் உவமையையே எடுத்துக்கொள்வோம்.

உவமை உதவும் இடம்

1909-இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகளின்மேல் ஆல்பா துகள்களைச் செலுத்தினார்கள். பெரும்பாலானவை நேரே ஊடுருவிச் சென்றன. ஆனால் பல்லாயிரத்தில் ஒன்று வந்த வழியே திரும்பியது. மின்னூட்டம் அணு முழுவதும் பரவிக் கிடந்தால் இவ்வாறு நிகழ இயலாது. எனவே நேர் மின்னூட்டமும் பெரும்பங்கு நிறையும் மிகச் சிறிய நடுப்பகுதியில் திரண்டிருக்க வேண்டும் என்று 1911-இல் ரூதர்போர்டு முடிவு கட்டினார்.

அந்த நடுப்பகுதி எவ்வளவு சிறியது? இங்கே கோயில் உதவுகிறது. வெளி மதில் வரை கோயிலின் பரப்பு 156 ஏக்கர். அதாவது பக்கத்துக்கு ஏறக்குறைய 800 மீட்டர் எனலாம். ஒரு தங்க அணுவை அவ்வளவு பெரியதாக ஊதிவிட்டால், அதன் கரு ஓர் எலுமிச்சம்பழ அளவே இருக்கும். அணுவின் நிறையில் ஏறத்தாழ முழுவதும் அந்த எலுமிச்சம்பழத்தில் அடங்கிவிடும். நூலில் அச்சிடும் படமோ கருவைக் கோலிக்குண்டாகவும் வட்டங்களை அதைச் சுற்றிய தட்டுகளாகவும் காட்டுகிறது. இந்த வகையில் படத்தைவிட உவமையே மேல்.

உவமை வழுக்கும் இடம்

சித்திரை வீதியிலிருந்து உத்திர வீதிக்குப் போகிறவர் நடுவே கோபுர வாசலில் நிற்கலாம். எலக்ட்ரானுக்கு அப்படி இடைப்பட்ட நிலை இல்லை. பிராகாரம் என்பது மதிலும் வீதியுமாகக் கட்டிய ஒன்று. அதில் ஒருவரும் நடக்காவிட்டாலும் அது இருக்கும். அணுவிலோ மதிலும் இல்லை, வீதியும் இல்லை. இருப்பவை குறிப்பிட்ட ஆற்றல் அளவுகள் மட்டுமே.

மாணவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு. மின்னூட்டம் பெற்ற பொருள் சுழன்றால் ஒளியாக ஆற்றலை இழக்க வேண்டும். அப்படி இழக்கும் எலக்ட்ரான், விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள்ளேயே கருவில் விழுந்துவிட வேண்டும். ஏன் விழவில்லை? குறிப்பிட்ட பாதைகளில் சுற்றும்போது எலக்ட்ரான் ஆற்றலை இழப்பதில்லை என்று போர் கூறினார் என நூல்கள் விடை தருகின்றன. உண்மையில் இது விடையன்று. கேள்வியையே விதியாக மாற்றிச் சொல்வதாகும். 1913-இல் போர் இதைத் துணிந்து கூறியபோது இயற்பியலார் ஏன் செவிசாய்த்தார்கள் என்பதல்லவா நமக்குத் தெரிய வேண்டும்?

அதற்குக் காரணம் ஒளி. ஹைட்ரஜன் வாயு மின்சாரத்தால் ஒளிரும்போது எல்லா நிறங்களையும் தருவதில்லை. 656, 486, 434, 410 நானோமீட்டர் என்று தனித்தனிக் கோடுகளையே தருகிறது. இவ்வெண்களைக் கட்டுப்படுத்தும் சூத்திரத்தை 1885-இல் கண்டவர் பேசல் நகரத்துப் பள்ளி ஆசிரியரான பால்மர். அது ஏன் பொருந்துகிறது என்று அவருக்குத் தெரியாது. போரோ அச்சூத்திரத்தின் எண்ணை எலக்ட்ரானின் மின்னூட்டம், நிறை, பிளாங்க் மாறிலி ஆகியவற்றைக் கொண்டே கணக்கிட்டுக் காட்டினார். போரின் வட்டங்களுக்கு மதிப்புத் தந்தது இந்தக் கணக்குத்தான். நிறமாலையை விட்டுவிட்டு வட்டங்களை மட்டும் கற்பிப்பது, சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பை மட்டும் படிப்பது போன்றது.

அக்கணக்கும் நெடுந்தூரம் செல்லவில்லை. இரண்டே எலக்ட்ரான்கள் உள்ள ஹீலியத்திலேயே அது தவறியது. 1925, 1926 ஆண்டுகளில் ஹைசன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் வகுத்த குவாண்டம் இயக்கவியல், பாதை என்ற கருத்தையே கைவிட்டது. எலக்ட்ரான் எங்கே இருக்கக்கூடும் என்பதற்கு நிகழ்தகவு மட்டுமே உண்டு. அது விழாததற்கும் இப்போது காரணம் கிடைத்தது. எலக்ட்ரானை எவ்வளவு சிறிய இடத்தில் அடைக்கிறோமோ அவ்வளவுக்கு அதன் இயக்க ஆற்றல் கூடுகிறது. கருவின் ஈர்ப்பும் இந்தக் கூடுதலும் சமன்படும் அளவே அணுவின் அளவு. ஆற்றல் அளவுகள் நிலைத்தன, வட்டங்கள் மறைந்தன.

திருவானைக்காவல் தரும் திருத்தம்

பாதை வேறு, ஆற்றல் மட்டம் வேறு என்பதை விளக்கத் தொலைவில் தேட வேண்டியதில்லை. திருச்சி நகருக்கும் திருவரங்கத்துக்கும் இடைப்பட்ட திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தவர் சர் சி.வி. இராமன். கல்கத்தாவில் கே.எஸ். கிருஷ்ணனுடன் ஆராய்ந்து 1928 பிப்ரவரி 28 அன்று அவர் உறுதிசெய்த விளைவு நம் நூல்களில் ஒளியியல் பாடத்தில் இடம்பெறுகிறது. அல்லது தேசிய அறிவியல் நாளன்று மேடையில் பேசப்படுகிறது. அணு அமைப்புப் பாடத்தில் அவரைக் காண்பது அரிது.

ஆயினும் அவருக்குரிய இடங்களுள் அதுவும் ஒன்று. ஒரு திரவத்தின்மேல் ஒரே நிறமுள்ள ஒளியைச் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் புதிய கோடுகள் தோன்றுகின்றன. மூலக்கூறு ஒளியிலிருந்து கொஞ்சம் ஆற்றலை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருகிறது. செலுத்தும் ஒளியின் நிறத்தை மாற்றினாலும் எடுத்துக்கொள்ளும் அளவு மாறுவதில்லை. அது மூலக்கூறு அதிரும் ஆற்றலின் ஒரு படி. இங்கே வட்டமிடும் எலக்ட்ரான் ஏது? அணுக்கள் ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் அதிர்கின்றன, அவ்வளவே. வட்டம் இல்லாத இடத்திலும் படிகள் உண்டென்றால், படிகளுக்குக் காரணம் வட்டமன்று என்பது தெளிவு. 1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசுக்கு இராமனைப் பரிந்துரைத்தவர்களுள் ரூதர்போர்டும் ஒருவர். அணுக்கருவைக் கண்டவர் இதன் மதிப்பை உணர்ந்திருந்தார். நம் பாடவரிசைதான் இருவரையும் பிரித்து வைத்திருக்கிறது.

சொல்லும் செயலும்

கலைச்சொல்லிலும் குறை உண்டு. ஆர்பிட் என்றும் ஆர்பிட்டால் என்றும் ஒலிபெயர்த்துத் தருகிறோம். முன்னது பாதை; பின்னது பாதை இல்லை என்பதைச் சொல்ல வந்த சொல். தமிழ்வழி மாணவருக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. கூடு என்ற சொல்லும் ஓட்டையும் மதிலையும் நினைவூட்டுகிறது. ஆற்றல் மட்டம் என்ற நல்ல தமிழ்த் தொடர் நம்மிடம் இருக்கிறது. அதை முதல் பாடத்திலேயே கொண்டுவருவதில் தடை என்ன?

ஒன்பதாம் வகுப்பிலேயே குவாண்டம் இயக்கவியலைப் புகட்டச் சொல்லவில்லை. இணைதிறனை விளக்க வட்டப்படம் போதும், அதைப் போடலாம். ஆனால் அதன் அருகிலேயே, இது எதை விளக்கியது, எதில் தோற்றது என்று இரண்டு வரி அச்சிட வேண்டும். இன்று பள்ளியில் வட்டத்தை உண்மை என்று மனப்பாடம் செய்தவர், கல்லூரியில் அது தவறு என்று கேட்கிறார். அறிவியல் என்பது அவ்வப்போது மாறும் மனப்பாடம் என்ற எண்ணத்துடன் அவர் வெளியேறினால் குற்றம் அவருடையதன்று.

சான்றைக் காட்டப் பெரிய ஆய்வுக்கூடமும் வேண்டியதில்லை. சுடரில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் சோடியத்தின் மஞ்சள் ஒளி எழும். பழைய குழல் விளக்கின் ஒளியைப் பயனற்ற குறுந்தகட்டில் சாய்த்துப் பார்த்தால், பாதரசத்தின் பச்சையும் நீலமும் பிரிந்து தெரியும். இராமன் பயன்படுத்திய விளக்கிலும் இதே பாதரசம்தான் ஒளிர்ந்தது. இதைக் கண்ணால் கண்ட மாணவருக்குப் பிராகார உவமையைத் தாராளமாகச் சொல்லலாம்; அது எங்கே பொருந்தாது என்று அவரே எடுத்துக் காட்டுவார்.