சுடுவதற்கு முன் ஒரு படம்

தெற்கு இங்கிலாந்தில் மார்ச் மாதத்தின் கடைசி வாரம். வேலியோரப் புதர்கள் இன்னும் துளிர்க்கவில்லை. கோதுமைப் பயிர் கணுக்கால் உயரம்தான் இருக்கிறது. அந்தி மங்கும் வேளையில் காட்டின் ஓரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஐந்து உருவங்கள் வயலுக்குள் இறங்குகின்றன. ரோ மான்கள். ஒன்றின் தலையில் மட்டும் கொம்பு. வேலிக்குப் பின்னால் குப்புறப் படுத்திருக்கும் ஒருவர் நீண்ட லென்ஸை அந்தக் கொம்பை நோக்கித் திருப்புகிறார். இன்னும் சில நாட்களில், ஏப்ரல் 1 விடியற்காலையில், அதே மனிதர் அதே வேலிக்குப் பின்னால் ரைஃபிளோடு படுத்திருப்பார். இன்று படத்தில் விழுந்த மான் அன்று மண்ணில் விழலாம்.

நம் ஊர் வாசகருக்கு இந்தக் காட்சி உறுத்தும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, கேமரா ஒரு கட்சி, துப்பாக்கி எதிர்க்கட்சி என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். பிரிட்டனில் இரண்டும் ஒரே தோளில் தொங்குகின்றன. மானை வேட்டையாடலாமா கூடாதா என்பது வேறு வழக்கு. இங்கே அதைத் தொடவில்லை. வேட்டைக் காலத்துக்கு முந்தைய வாரங்களில் மான்களைக் கவனித்துப் படமெடுக்கும் வழக்கம், தான் சொல்லிக்கொள்ளும் பயனைத் தருகிறதா என்பதே கேள்வி. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்த வழக்கம் வேட்டைக்காரருக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்கிறது, கூடவே, தெரியாததைத் தெரிந்ததாக நம்பவும் வைக்கிறது.

ரோ மான் சிறிய விலங்கு. தோள் உயரம் முக்கால் மீட்டரைத் தாண்டாது. எடை பெரும்பாலும் 25 கிலோவுக்குள். பிரிட்டனின் மண்ணுக்கே உரிய மான் இனங்கள் இரண்டில் இது ஒன்று, மற்றது செம்மான். பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் ரோ மான் அற்றுப்போய், பெரும்பாலும் ஸ்காட்லாந்தில் தங்கியது. 1800 வாக்கில் டார்செட்டின் மில்டன் ஆபஸ் பண்ணையில் கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள்தான் தென்பகுதிக் காடுகளை மீண்டும் நிரப்பின. ஆனால் திரும்பி வந்த மானுக்கு மரியாதை கிடைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இளமரங்களைக் கெடுக்கும் பூச்சியைப் போலத்தான் அதை நடத்தினார்கள். ஆட்கள் வரிசையாக நின்று காட்டைக் கலைத்து, ஓடிவரும் மான்களைச் சிறு பறவைகளுக்கான துப்பாக்கியால் சுட்டார்கள். பல மான்கள் காயத்தோடு தப்பின. 1963ஆம் ஆண்டுச் சட்டம் ரோ இனத்தில் பிணைமான்களுக்கு, அதாவது பெண்மான்களுக்கு, மட்டும் ஓய்வுக்காலம் தந்தது. கலைமான்களுக்கு, அதாவது ஆண்மான்களுக்கு, அது கிடைக்க 1977 ஆயிற்று.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் பார்த்துப் பழகிய கண்கள் இருந்தன. டார்செட், வில்ட்ஷயர் எல்லையிலுள்ள கிரான்போர்ன் சேஸ் காட்டில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரையர், 1960களில் எழுதிய நூல்களில் ரோ மானைத் தனித்தனி விலங்காக அடையாளம் கண்டு, தேர்ந்தெடுத்துச் சுடும் முறையை வலியுறுத்தினார். முதலில் பார், பிறகு முடிவெடு. பூச்சியாக இருந்தது முகமுள்ள விலங்கானது இந்த ஒழுங்கால்தான். வேட்டைக்கு முந்தைய கேமரா அந்த ஒழுங்கின் இன்றைய வாரிசு. ஆகவே அதைக் குறை சொல்பவர் முதலில் அதன் கடனை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் நல்ல காரணம் இருக்கிறது. மே மாதத்துக்குள் இலையும் புல்லும் பயிரும் எழுந்து மானை விழுங்கிவிடும். மார்ச்சில் அது ஒளிய இடம் குறைவு. அதைவிட முக்கியம் கொம்பு. ரோ கலைமான் நவம்பரை ஒட்டிக் கொம்பை உதிர்த்து, கடுங்குளிரிலேயே புதுக் கொம்பை வளர்க்கிறது. வளரும் கொம்பை வெல்வெட் போன்ற தோல் மூடியிருக்கும். வயது முதிர்ந்த மான்கள் அந்தத் தோலை மார்ச்சிலேயே மரத்தில் உரசிக் கழற்றிவிடுகின்றன. ஒரு வயது மான்களுக்கு ஏப்ரல் கடைசியோ மே மாதமோ ஆகிவிடும். ஆகவே மார்ச் மாதத்தில் சுத்தமான கொம்போடு நிற்பது பெரும்பாலும் வளர்ந்த மான். படத்திலிருந்து நம்பிப் படிக்கக்கூடிய சில சேதிகளில் இது ஒன்று.

அதே வாரங்களில்தான் கலைமான்கள் எல்லை வகுக்கின்றன. இளமரத்தின் பட்டையைக் கொம்பால் கிழித்து, அடியில் குளம்பால் மண்ணைச் சுரண்டி, தங்கள் வாசனையை வைத்துவிட்டுப் போகின்றன. யாருடைய எல்லை எங்கே முடிகிறது என்பதைப் பல மாலைகள் உட்கார்ந்து பார்த்தவரால்தான் சொல்ல முடியும். அப்படி உட்கார்ந்தவருக்கு நிலமும் பிடிபடுகிறது. எந்தத் திசையில் காற்று அடித்தால் எந்த வழியாகப் போகக்கூடாது, எந்தச் சரிவில் குண்டு மண்ணில் புதையும், எந்த மேட்டுக்கு அப்பால் பொதுநடைபாதை ஓடுகிறது என்பதெல்லாம் ரைஃபிளைக் கையில் எடுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை.

இன்னொரு உண்மை வெளியே அதிகம் பேசப்படுவதில்லை: படமெடுப்பது சுடுவதைவிடக் கடினம். நூறு மீட்டரில் ரைஃபிளுக்கு வேலை முடிந்துவிடும். அந்தத் தொலைவில் எடுத்த ரோ மான் படம் பொட்டு அளவுதான் இருக்கும். பாதித் தூரம் நெருங்கினால்தான் முகம் கிடைக்கும். நெருங்கும்போதுதான் மானின் சூதும் தெரியும். சந்தேகம் வந்த ரோ மான் மேய்வதுபோலத் தலையைக் குனியும். நாம் ஓரடி நகர்ந்ததும் வெடுக்கென்று நிமிரும். முன்னங்காலைத் தரையில் உதைக்கும். கடைசியில் நாய் குரைப்பதுபோலக் குரைத்துவிட்டுக் காட்டுக்குள் பாயும். இந்தத் தோல்விகளைக் கேமராவோடு பட்டவர், துப்பாக்கியோடு அவசரப்படமாட்டார். பிட்டத்து வெள்ளைத் திட்டில் கீழ்நோக்கி ஒரு மயிர்க்கொத்து தொங்கினால் பிணை, தொங்காவிட்டால் கலை என்பது போன்ற பாடங்களும் கண்ணில் ஏறுவது இப்படித்தான். ஒரு மானைச் சுடாமல் விடுவதற்கான காரணம் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் கிடைக்கிறது. அதுவே இவ்வழக்கத்தின் ஆகச் சிறந்த பலன்.

இனி மறுபக்கம். அதை ஒரு பழைய டேனிஷ் கதையிலிருந்து தொடங்கலாம். ஜூட்லாந்தின் காலோ பண்ணைக் காட்டில் எத்தனை ரோ மான்கள் உண்டு என்று 1950இல் கேட்டபோது, அந்தக் காட்டை நாள்தோறும் சுற்றிவந்தவர்கள் சுமார் 70 என்றார்கள். ஆய்வுக்காக அந்தக் காட்டின் மான்கள் முழுவதும் சுடப்பட்டன. விழுந்தவை 213. ஜொஹானஸ் ஆண்டர்சன் 1953இல் வெளியிட்ட இந்தக் கணக்கு, மான் ஆய்வாளர்களிடையே இன்றும் எச்சரிக்கையாகச் சொல்லப்படுகிறது. காட்டைத் தெரியாதவர்கள் செய்த தவறு அல்ல இது. தினமும் பார்த்தவர்களின் கண்ணுக்கே மூன்றில் ஒன்றுதான் பட்டிருக்கிறது. கேமரா இந்தப் பிழையைத் திருத்துவதில்லை, அழுத்தமாக்குகிறது. ஆல்பத்தில் மூன்று கலைமான்கள் இருந்தால் காட்டில் மூன்று கலைமான்கள் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. படத்துக்கு வராதது இல்லாததாகிவிடுகிறது.

அடுத்தது காலத்தின் பிழை. குளிர்காலத்தில் ரோ மான்கள் திறந்த வயல்களில் சிறு கூட்டமாகச் சேர்ந்து மேயும். வசந்தம் வந்ததும் கூட்டம் உடையும். எல்லை பிடித்த கலைமான்கள் இளசுகளை விரட்டும். விரட்டப்பட்டவை ஏப்ரல், மே மாதங்களில் இடம் தேடி அலையும். மார்ச் படத்தில் இருந்தவர்கள் மே மாதத்திலும் அங்கேயே இருப்பார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மார்ச் ஆல்பம் ஒரு கலைந்துபோகும் கூட்டத்தின் குழுப்படம். மே மாத வரைபடமாக அதைப் பயன்படுத்தினால் ஏமாற்றம்தான்.

மூன்றாவது, தரம் பிரிப்பதில் வரும் பிழை. வெல்வெட் தோல் போர்த்திய கொம்பு படத்தில் உண்மையில் உள்ளதைவிடத் தடித்துத் தெரியும். தோல் உரிந்ததும் இளைத்துவிடும். இது சின்ன விஷயம். பெரிய விஷயம், ஒல்லிக் கொம்புள்ள ஒரு வயது மானைப் படத்தில் பார்த்து, ‘இது தாழ்ந்த ரத்தம், முதலில் இதை எடுத்துவிடு’ என்று முடிவெடுப்பது. ரோ மானின் கொம்பு அதன் தீனி, வானிலை, காட்டிலுள்ள நெரிசல், வயது ஆகியவற்றைப் பொறுத்துப் பெரிதும் மாறும். தாமதமாகப் பிறந்த குட்டிக்கோ கடும் குளிரில் வாடிய குட்டிக்கோ முதல் கொம்பு எலும்புக்குச்சி போலத்தான் வரும். அதே மான் மூன்றாம் ஆண்டில் நல்ல கொம்போடு நிற்கலாம். வயதைப் பொறுத்தவரையிலும் முகத்தின் நரையையும் கழுத்தின் தடிப்பையும் வைத்துச் சொல்வது ஊகமே. சுட்ட பிறகு கீழ்த்தாடைப் பல் தேய்மானத்தைப் பார்த்துச் சொல்லும் வயதே பல நேரம் தவறும்போது, தூரத்துப் படத்தை வைத்து ‘ஆறு வயது’ என்று அடித்துச் சொல்வதற்குத் துணிச்சல் மட்டும்தான் வேண்டும்.

நான்காவது குறையே எனக்கு மிகக் கனமாகத் தெரிகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கலைமான் காலம் ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை. பிணைமான் காலம் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. முன்பு பிப்ரவரியோடு முடிந்த பிணைமான் காலத்தை 2007இல் ஒரு மாதம் நீட்டினார்கள். ஓநாயும் லிங்ஸ் காட்டுப்பூனையும் இல்லாத தீவில் மான் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது பிணைகளின் எண்ணிக்கைதான். கலைமான்களை எத்தனை சுட்டாலும் அடுத்த ஆண்டுக் குட்டிகள் பெரிதாகக் குறையாது. ஆக, வேட்டைக்காரர் கேமராவோடு கொம்பைத் தேடிக் கிளம்பும் மார்ச் மாதம்தான், காட்டுக்கு அவர் செய்யவேண்டிய வேலைக்குச் சட்டம் கூட்டிக்கொடுத்த கடைசி மாதம்.

மார்ச்சில் பிணைகளைச் சுடுவதை அவர் ஏன் தவிர்க்கிறார் என்பதும் புரிகிறது. ரோ மான் ஜூலை, ஆகஸ்ட்டில் இணைகிறது. கரு உடனே கருப்பையில் ஒட்டுவதில்லை. வருடக் கடைசி வரை உறைந்ததுபோல மிதந்துவிட்டு, பிறகே ஒட்டி வளர்கிறது. ஜெர்மன் ஆய்வாளர் பிஷோஃப் 1854இலேயே இதை விளக்கிவிட்டார். மே, ஜூனில் பிறக்கவேண்டிய குட்டிகள், பெரும்பாலும் இரட்டை, மார்ச்சில் வயிற்றுக்குள் உருவம் பெற்றிருக்கும். அப்படியொரு பிணையைச் சுட்டு வயிற்றைக் கிழிப்பது யாருக்கும் இனிக்காது. அந்தத் தயக்கம் மனிதத் தயக்கம். அதைப் பழிக்க மாட்டேன். ஆனால் ‘நான் இப்போது கவனித்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற கௌரவமான பெயரில் கேமரா அந்தத் தயக்கத்துக்குத் திரைபோடும்போது, அதைத் திரை என்றே சொல்லவேண்டும். நவம்பர், டிசம்பரில் செய்திருந்தால் இந்தச் சங்கடமே இல்லை.

கொம்பின் மேல் கண் குத்தியிருப்பதற்குப் பணமும் ஒரு காரணம். சி.ஐ.சி. என்ற சர்வதேச அமைப்பின் அளவுகோலில் ரோ கொம்புக்கு 105 புள்ளியில் வெண்கலம், 115இல் வெள்ளி, 130இல் தங்கம். பதக்கக் கொம்புக்கு வேட்டையாட வரும் விருந்தினர் கூடுதலாகப் பணம் தருவார். அப்போது மார்ச் மாதப் படம் கடைக்கண்ணாடிக்குள் வைத்த பொருள்போல ஆகிவிடுகிறது. மானைத் தெரிந்துகொள்ளப் பிறந்த வழக்கம் விலைப்பட்டியலாக முடிகிறது.

கருவிகள் பெருகியதும் ஒரு கேள்வியை எழுப்புகிறது. மரத்தில் கட்டிவைத்த தானியங்கிக் கேமரா இரவு பகலாகக் காத்திருக்கும். நாம் வீட்டில் தூங்கலாம். வெப்பப்படக் கருவியில் ரத்தம் ஓடும் வெல்வெட் கொம்பு விளக்குபோல ஒளிரும். தகவல் கூடுகிறது, ஆனால் குளிரில் உட்கார்ந்து தோற்ற மாலைகள் தந்த பாடம் கூடுவதில்லை. வேட்டைக்காகத் தானியங்கிக் கேமராக்களைப் பயன்படுத்துவதை அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2022 ஜனவரியிலிருந்து தடைசெய்திருக்கிறது. ஸ்காட்லாந்து வேறு திசையில் போனது: இளங்காடுகளைக் காக்கவென்று 2023 அக்டோபரில் ஆண்மான்களுக்கான ஓய்வுக்காலத்தையே எடுத்துவிட்டது. அங்கே ஆண்மான்களுக்கு ‘காலத்துக்கு முன்’ என்ற ஒன்றே சட்டத்தில் இல்லை; காத்திருப்பதானால் தானாகக் காத்திருக்க வேண்டும். ஓய்வுக்காலம் மானுக்கு மட்டுமல்ல, பார்க்கும் மனிதனுக்கும் ஒரு வகுப்பறையாக இருந்தது என்பது அது போனபிறகுதான் உறைக்கும்.

இந்த வழக்கம் வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை. நிலத்தையும் நடத்தையையும் அறிய இதைவிட நல்ல வழி இல்லை. எண்ணிக்கையையும் தரத்தையும் அறிய இது போதாது. முதல் பணிக்கு வாங்கிய கருவியை இரண்டாம் பணிக்குச் சாட்சியாக நிறுத்துவதில்தான் கோளாறு. திருத்தமும் எளிது. கவனிப்பை மார்ச்சில் தொடங்காமல் அக்டோபரில் தொடங்கலாம்; பிணைகளையும் குட்டிகளையும் முதலில் பார்க்கலாம். மார்ச் ஆல்பத்தை அடுத்த அக்டோபரில் எடுத்துவைத்து, படத்தில் இருந்து பிறகு காணாமல் போனவை எத்தனை, படத்தில் இல்லாமல் பிறகு வந்தவை எத்தனை என்று ஒப்பிடலாம். அந்தக் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் வேட்டைக்காரரின் தலைக்கனத்தைக் கொஞ்சம் இறக்கும்.

அந்த மார்ச் அந்திக்குத் திரும்புவோம். வயலில் ஐந்து மான்கள். லென்ஸ் கொம்புள்ள ஒன்றில் குவிந்திருக்கிறது. அதன் கண்ணிமை வரை துல்லியம். பின்னால் கலங்கலாகத் தெரியும் நான்கில் பிணைகள் எத்தனை என்று கேட்டால், படமெடுத்தவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். தெரியாது. அந்தக் காட்டில் அடுத்த வசந்தத்தில் எந்தக் கன்று மரம் தப்பும் என்பதை முடிவுசெய்யப்போவது அந்தக் கலங்கல்தான்.