இரண்டு மணித்தியாலமும் எழுதப்படாத நாட்களும்

1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதைப் பற்றி நம்மவர்கள் எழுதிய கவிதைகள், சிறுகதைகள், நினைவு மலர்க் கட்டுரைகள் ஆகியவற்றை ஒருசேர வைத்துப் படிக்கிறவருக்கு ஒரு சொற்றொடர் அலுக்குமளவுக்குத் திரும்பத் திரும்ப வருவது தெரியும். 'இரண்டு மணித்தியாலம்' என்பதே அது. கவிதைக்குத் தலைப்பாக, கதைக்கு முதல் வரியாக, மேடைப் பேச்சுக்கு உச்சமாக அது வருகிறது. அது பொய்யல்ல. ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை காலையில் யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருப் பகுதியில் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் வந்து கூடியவர்களிடம் விடுதலைப் புலிகள் சொன்னது அதைத்தான். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும்.

ஆனால், அது யாழ்ப்பாண நகரத்தின் கதை. வெளியேற்றம் ஒரே நாளில் நடந்ததல்ல. ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கியது. மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி வீடுகள் முதலில் கொள்ளையிடப்பட்டன. பிறகுதான் போகச் சொல்லும் அறிவிப்பு வந்தது. அதற்கு நாள்கணக்கில் தவணை இருந்தது. அங்கிருந்து பெருந்தொகையானோர் கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்து இறங்கினர். முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் வெவ்வேறு பாதைகள், வெவ்வேறு நாட்கள். ஐந்து மாவட்டங்களிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு வந்து சேர்ந்தனர். இவர்கள் எல்லோரையும் நமது எழுத்து ஒரே மைதானத்தில் கூட்டி, ஒரே கடிகாரத்தைக் காட்டி அனுப்பி வைத்திருக்கிறது.

இதை ஒரு தகவற் பிழையாகக் கொண்டு திருத்திவிட்டுப் போகலாமென்றால் இக்கட்டுரைக்கு அவசியமில்லை. பிரச்சினை இலக்கியம் சார்ந்தது. இரண்டு மணித்தியாலத்தின் அவலம் ஒரு வகை. நாலைந்து நாள் தவணையின் அவலம் முற்றிலும் வேறு வகை. முன்னதில் யோசிக்க நேரமில்லை. பின்னதில் யோசிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. ஆட்டை அவிழ்த்து விடுவதா, அறுப்பதா. நெல்லை யாரிடம் ஒப்படைப்பது. நடக்க முடியாத கிழவியை வள்ளத்தில் ஏற்றுவது எப்படி. கபுறடிக்குப் போய் ஒருமுறை ஓதிவிட்டு வர விடுவார்களா? மாரி மழையில் கரையில் வள்ளத்துக்காகக் காத்திருந்தவர்களின் இரவுகளை முழுமையாக எழுதிய ஒரு சிறுகதை, நான் படித்தவற்றுள் இல்லை. காத்திருப்பு நாடகத்தன்மை குறைந்தது என்று நம் கதாசிரியர்கள் எண்ணினார்களோ என்னவோ. அந்த ஒக்டோபரின் மிகக் கொடிய பகுதி அதுவாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நான் வடக்கில் பிறந்தவனல்லன். வந்தவர்களுக்குப் பள்ளிவாசலையும் பாடசாலையையும் திறந்து கொடுத்த புத்தளத்தில் பிறந்தவன். கிடுகுக் கொட்டில்களின் வாசலில் இருந்து கேட்டவைதான் எனக்கு முதற் பாடம்; அச்சில் வந்தவை பிறகு. அச்சில் வந்ததைப் படிக்கும்போது முதலில் காதுக்கு உறுத்துவது மொழி.

நான் கேட்ட பேச்சில் ஒருவர்கூடப் 'பலவந்தமாக வெளியேற்றப்பட்டோம்' என்று சொன்னதில்லை. "போங்க எண்டாங்க, வந்துட்டோம்" என்பார்கள். மூன்றே சொல். அதற்குப் பின்னால் வரும் மௌனம் நாற்பது சொல்லுக்குச் சமம். இது எழுத்துக்கு வரும்போது செயப்பாட்டு வினையாகி, 'இனச்சுத்திகரிப்புக்கு உள்ளாக்கப்பட்டோம்' என்று வளர்ந்து விடுகிறது. சட்டத்துக்கும் வரலாற்றுக்கும் அந்தச் சொல் தேவை. நடந்ததற்குரிய பெயர் அதுவே என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால், அதை அந்தக் கிழவியின் வாயில் வைத்து, மேற்கோட் குறிக்குள் அச்சடிப்பது வேறு காரியம்.

இன்னும் முக்கியமானது எழுவாய். துப்பாக்கியோடு வந்தவர்களை எழுத்தில் 'பாசிசப் புலிகள்' என்கிறோம். பேச்சில் அவர்கள் 'இயக்கம்'. சில இடங்களில் 'பொடியங்கள்'. கழுத்துச் சங்கிலியையும் பிள்ளையின் காதுத் தோட்டையும் கழற்றி எடுத்தவர்களைக்கூடப் 'பொடியங்கள்' என்று சொல்லும் ஒரு தாயின் பேச்சை முதலில் கேட்டபோது நான் திடுக்கிட்டேன். அந்தச் சொல்லுக்குள் ஒரு காலம் முழுவதும் கிடக்கிறது. ஒளிந்திருந்த பொடியங்களுக்குச் சோறு கொடுத்த வீடுகள் இருந்தன. இயக்கங்களில் சேர்ந்த முஸ்லிம் இளைஞர்கள் இருந்தார்கள். அயல்வீட்டுப் பையனாகத் தெரிந்தவனே சோதனைச் சாவடியில் நின்றான். துரோகத்தின் உண்மையான கனம் அங்கேதான் இருக்கிறது. 'பாசிசம்' என்று எழுதிய மறுகணம் அந்தக் கனம் இறங்கிப் போய்விடுகிறது. அந்நியன் செய்த கொடுமையாக அது சுருங்கி விடுகிறது. அந்தத் தாயின் சொல் தெரியாமல் வந்ததல்ல; நம் திருத்தந்தான் ஒன்றும் தெரியாமல் செய்யப்பட்டது.

இதே நோய் 'நல்ல தமிழ் அயலவர்' என்ற பாத்திரத்திலும் காணப்படுகிறது. கதைகளில் அவர் அழுகிறார், தண்ணீர் கொடுக்கிறார், வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக் கொள்கிறார். அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்; பேச்சில் அவர்கள் பற்றிக் கேட்டிருக்கிறேன். ஆனால், முஸ்லிம் வீடுகளிலிருந்து எடுக்கப்பட்ட பொருட்கள் பின்னர் புலிகளின் 'மக்கள் கடை'களில் விற்கப்பட்டன. வாங்கியவர்களும் அயலவர்களே. போர்க்காலத்துத் தட்டுப்பாட்டில் ஒரு கதிரை மலிவாகக் கிடைத்தால் யார் விடுவார்? அழுதவரும் வாங்கியவரும் ஒரே மனிதராக இருந்திருக்கக் கூடும். நம் சிறுகதை இரண்டு பேராக அவரைப் பிரித்து, ஒருவரை மலக்காகவும் மற்றவரை இப்லீஸாகவும் நிறுத்துகிறது. சாதாரண மக்களின் ஞாபகத்தில் அவர் பிரிபடாமலேயே இருக்கிறார். "அழத்தான் செஞ்சா, ஆனா எங்கட அலுமாரி அவ ஊட்டுலதான் இருந்திச்சாம்" என்று ஒரே மூச்சில் சொல்ல அவர்களால் முடிகிறது.

அடுத்து, சொல்லப்பட்ட திகதி. வெளியேறிய திகதியைக் கவனமாகப் பதிகிற நாம், அந்த அனுபவம் எந்த ஆண்டில் சொல்லப்பட்டது என்பதைப் பதிவதில்லை. 1991 இல் நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றவர் சொன்னது ஒரு கதை. அதில் இழந்த பொருட்களின் பட்டியல் நீளமாக இருக்கும், ஏனெனில் எதிரில் இருந்தவர் பேனையோடு இருந்தார். 2002 ஏப்ரலில் கிளிநொச்சி ஊடகவியலாளர் மாநாட்டுக்குப் பின்னர், முஸ்லிம்கள் திரும்பி வரலாம் என்ற பேச்சு அடிபட்ட நாட்களில் அதே மனிதர் சொன்னது வேறொரு கதை. அதில் வீடு, கிணறு, முற்றத்து மரம் எல்லாம் திரும்ப வந்து விடுகின்றன. 2009 இல் போர் முடிந்து, போய்ப் பார்த்து, கூரையும் கதவும் நிலையும் இல்லாத சுவர்களைக் கண்டு வந்தபின் சொன்னது மூன்றாவது கதை. 2014 இல் அளுத்கமையும் 2018 இல் திகனயும் எரிந்த பிறகு நான்காவதும் உண்டு. அதில் 'பொடியங்கள்' என்ற சொல் சற்று மென்மையாகவே ஒலிப்பதாக எனக்குப் படுகிறது. நான்கிலும் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் திகதி போடாமல் நான்கையும் குழைத்து ஒரு கட்டுரையாக்குகிறவர், எவரும் எப்போதும் சொல்லாத ஓர் ஐந்தாவது கதையை எழுதுகிறார்.

ஷரிகா திராணகம 2011 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'என் தாயின் வீட்டில்' என்ற மானிடவியல் நூலில் புத்தளத்து முகாம்களைப் பற்றிய ஓர் அத்தியாயம் உண்டு. ஊரால் தம்மை அறிந்திருந்த மக்கள், வெளியேற்றத்தினாலும் அகதி வாழ்வினாலும் 'வடபுல முஸ்லிம்கள்' என்றொரு கூட்டமாக உருவானதை அவர் விளக்குகிறார். நமது விமர்சகர்கள் இதைப் போதியளவு கவனிக்கவில்லை. யாழ்ப்பாணத்தாரும் எருக்கலம்பிட்டியாரும் முசலியாரும் ஒரு பெயருக்குள் வந்தபோது, ஞாபகமும் ஒரு வாக்கியத்துக்குள் வந்தது. அரசாங்கத்திடமும் தொண்டு நிறுவனங்களிடமும் ஒரே குரலில் பேசவேண்டியிருந்தது. ஒரே குரலுக்கு ஒரே வாக்கியம் வசதி. அந்தத் தேவையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் 2018 இல் மரணிக்கும்வரை இம்மக்களின் இழப்புகளைத் தரவுகளாகத் திரட்டி வந்தார். 2011 இல் பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கையும் வந்தது. அவை இல்லாவிட்டால் இன்று நம் கையில் எதுவும் இருந்திராது. ஆனால், அறிக்கையின் வேலை நிரூபிப்பது. இலக்கியத்துக்கு அந்த வேலை தரப்படவில்லை. நம் கதைகளும் கவிதைகளும் அறிக்கையின் பின்னிணைப்புப் போல எழுதப்பட்டால், அறிக்கைக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது, இலக்கியத்துக்கும் கிடைக்காது.

நிரூபணம் என்ற வகையிலும் இதில் ஆபத்து இருக்கிறது. கொண்டுபோக அனுமதிக்கப்பட்ட பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 150 ரூபா என்கிறார், மற்றவர் 200, வேறொருவர் 500. மன்னார்ப் பக்கத்தில் 2,000 என்றும் கேட்கலாம். இடத்துக்கிடம், சாவடிக்குச் சாவடி விதி வேறுபட்டிருந்தது. ஒரு தொகையை மட்டும் எல்லோருக்குமாக எழுதிவைத்தால், நாளைக்கு மறுக்க நினைக்கிறவருக்கு நாமே கதவைத் திறந்து விடுகிறோம். "மன்னாரில் இரண்டு மணித்தியாலமா?" என்று ஒருவர் கேட்டால் போதும், முழுக்கதையும் மிகைப்படுத்தல் என்று சொல்ல அவருக்கு வழி பிறந்துவிடும். ஒவ்வொரு ஊரின் வேறுபாட்டையும் வைத்திருக்கும் ஞாபகத்தை அவ்வளவு எளிதில் உடைக்க முடியாது.

வெளியே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில் தவறில்லை. 1947 பிரிவினையை அனுபவித்தவர்களின் குரல்களை உர்வசி புட்டாலியா 1998 இல் நூலாக்கினார். 1984 இல் டில்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டபோது முதியவர்கள் பிரிவினையைப் பற்றிப் பேசத் தொடங்கியதே அவரைத் தூண்டியது என்கிறார். எந்த ஆண்டில் சொல்லப்பட்டது என்பது அங்கே நூலின் ஒரு பகுதி. லாகூரில் தங்கி முஸ்லிமாகிவிட்ட தன் தாய்மாமனிடமிருந்து தொடங்குகிறார். தன் கேள்விகளையும் தயக்கங்களையும் எதிரே இருந்தவரின் மௌனத்தையும் அவர் மறைக்கவில்லை. இதற்கு மறுபக்கம் ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச். செர்னோபில் அணு உலை விபத்தில் சிக்கியவர்களின் தனிமொழிகளால் ஆன அவரது நூல் 1997 இல் வந்தது. 2015 இல் நோபல் பரிசு பெற்றார். அவர் நூல்களின் வலிமையை மறுக்க முடியாது. ஆனால் பதிப்புக்குப் பதிப்பு வாக்குமூலங்கள் மாறியிருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆப்கான் போர் பற்றிய நூலுக்காக, தாம் சொன்னதைத் திரித்துவிட்டார் என்று சொன்னவர்களே அவரை மின்ஸ்க் நகர நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். பேரெழுத்தாளரின் கையிலும் பிறருடைய ஞாபகம் பத்திரமாக இருக்குமென்பதில்லை. நம்மிடம் சொன்னவர்கள் யாரும் வழக்குப் போடவில்லை. அச்சானதைப் பெரும்பாலானோர் பார்க்கவே இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு வெற்றிடத்தைச் சொல்லாமல் விட முடியாது. அது என் ஊரைப் பற்றியது. கற்பிட்டிக் கரையில் நின்று வள்ளங்களிலிருந்து பிள்ளைகளைத் தூக்கி இறக்கியவர்கள் யார்? தம் வீட்டு அரிசியை வடித்துப் பள்ளிவாசலுக்குக் கொண்டு போனவர்கள் யார்? அதே ஊர்கள் சில ஆண்டுகளுக்குள் பாடசாலை இடத்துக்காகவும் கூலிவேலைக்காகவும் நிவாரணத்துக்காகவும் வந்தவர்களைப் பார்த்து முகம் சுளிக்கத் தொடங்கியது எப்படி? வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் குறைந்த கூலிக்கு வேலை செய்ய வந்த பெண்களோடு, ஏற்கெனவே அங்கு வேலை செய்த பெண்கள் என்ன பேசினார்கள்? 'அகதி' என்ற சொல் அனுதாபமாகத் தொடங்கி வசையாக முடிந்த பாதையை எழுதியவர் எவரையும் நான் அறியேன். வந்தவர்கள் நன்றியின் பொருட்டு அதை எழுதவில்லை. இருந்தவர்கள் எழுதாததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு பேரவலத்தை அனுபவித்தவர்கள் என்று நாம் எண்ணும்போது துரத்தப்பட்டவர்கள் மட்டுமே கணக்கில் வருகிறார்கள். கரையில் நின்றவர்களின் ஞாபகம் கணக்கில் வருவதில்லை.

இளைய எழுத்தாளர்கள் சிலர் இப்போது தம் உம்மம்மாமாரின் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் சிறியது. பதிவு செய்த ஆண்டையும் இடத்தையும் எழுதி வையுங்கள். கூட யார் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். மகன் பக்கத்தில் இருக்கும்போது ஒரு தாய் சாவடிச் சோதனையைப் பற்றிச் சொல்லும் விதம் வேறு. 'பொடியங்கள்' என்றால் 'பொடியங்கள்' என்றே எழுதுங்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "இத போடாத" என்று அவர் சொல்லும் வரியைப் போடாதீர்கள், ஆனால் ஒரு வரி விடப்பட்டிருக்கிறது என்று குறியுங்கள்.

1990 இல் நாற்பது வயதில் மன்னார்க் கரையில் காத்திருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். வள்ளம் ஓட்டி வந்தவர்களில் மிஞ்சியிருப்பவர் சிலரே. யாழ்ப்பாணத்தின் இரண்டு மணித்தியாலத்தைப் பலர் எழுதிவிட்டார்கள். முதலில் இவர்களிடம் போங்கள்.