ஏழெட்டு ஐம்பத்தாறு, அப்புறம்?

2023இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் மாநில முதலிடம் பெரம்பலூருக்கு, 97.67 விழுக்காடு. 2024இல் அரியலூருக்கு, 97.31. 2025இல் பிளஸ் டூ முதலிடமும் அரியலூருக்கே, 98.82. மானாவாரிச் சோளக்காடும் சிமென்ட் ஆலைப் புழுதியும்தான் இந்த ஊர்களின் அடையாளம் என்று பேசிய வாய்களை அடைத்த வெற்றி இது. அந்த ஆசிரியர்களும் பிள்ளைகளும் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் முதலிடத்தின் மயக்கம் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் வீடு வரைக்கும் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் சாதிக்க வேண்டுமானால் இப்போதே இருபதாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்க வேண்டும் என்று பெற்றோர் நம்பத் தொடங்கிவிட்டார்கள். வேப்பந்தட்டையானாலும் செந்துறையானாலும், வீட்டில் கணக்கு சொல்லிக்கொடுப்பது என்றால் சாயங்காலம் பிள்ளையை நிற்கவைத்து வாய்ப்பாடு கேட்பதுதான். கொஞ்சம் வசதி இருந்தால் அபாகஸ் வகுப்பு, அதன் சான்றிதழ், அதன் கோப்பை.

இந்த ஒப்பித்தலுக்கு ஆதரவாக எழுதுகிறவர்களும் மேடையில் பேசுகிறவர்களும் இப்போது பெருகிவிட்டார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்தவர்கள்தானே கணக்கில் புலிகளாக இருந்தார்கள், செயல்வழிக் கற்றல் என்று வந்த பிறகுதான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்பது அவர்களது வாதம்.

வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சட்டென்று நினைவுக்கு வராத பிள்ளை பெரிய வகுத்தல் கணக்கின் நடுவில் திணறிப்போகும். அபாகஸிலும் பலன் உண்டு. குஜராத்தின் வதோதராவில் 204 தொடக்கப்பள்ளிக் குழந்தைகளை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016இல் வெளியானது. அபாகஸ் பயின்ற குழந்தைகள் எண் கணக்கில் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். ஆனால் விளம்பரப் பலகைகள் வாக்களிக்கும் நினைவாற்றலும் கவனமும் அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடிவிடவில்லை. சாயங்கால உதவியால் பயனில்லை என்றும் சொல்ல முடியாது. 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பெருந்தொற்றில் இழந்த கற்றலில் பிள்ளைகள் மீட்டதில் ஏறத்தாழ கால் பங்கு அந்தத் திட்டத்தின் மாலை வகுப்புகளால் வந்தது என்று பொருளியல் ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். தெருவில் இருக்கும் ஒரு பெண் பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் பிள்ளை தேறும்.

எனக்கு நெடுநாளாக இருக்கும் மறுப்பு வேறு. நம் வீடுகளில் கேட்கப்படுவது விடை மட்டும்தான். அந்த விடை எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு மூன்றாம் வகுப்பு நோட்டைத் திறந்து பாருங்கள். 52இல் 28 போனால் எவ்வளவு என்ற கணக்குக்குப் பிள்ளை 36 என்று எழுதியிருக்கும். இந்தத் தப்பைத் தமிழ்நாட்டில் எந்தத் தொடக்கப்பள்ளி ஆசிரியரும் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எட்டில் இரண்டு போனால் ஆறு, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 52 என்பதை ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் சேர்ந்த அளவாக அந்தப் பிள்ளை காணவில்லை. அதன் கண்ணுக்கு 5 ஒரு தனி எழுத்து, 2 ஒரு தனி எழுத்து. வீட்டில் என்ன நடக்கிறது? சிவப்புப் பேனாவால் ஒரு அடி. "பக்கத்து வீட்ல கடன் வாங்குன்னு எத்தனை வாட்டி சொல்றது?" பிள்ளை ஐந்தை அடித்து நான்கு போடுகிறது, இரண்டின் முன்னால் ஒரு ஒன்றைச் செருகுகிறது, 24 வருகிறது. அம்மாவுக்கு நிம்மதி. பிள்ளைக்குப் புரியாதது புரியாததாகவே இருக்கிறது. நாளைக்கு 502இல் 28 என்று வந்தால், நடுவில் இருக்கும் சைபரிடம் போய்க் கடன் கேட்டு நிற்கும்.

ஐந்து பத்து ரூபாய் நோட்டையும் இரண்டு ஒரு ரூபாய்க் காசையும் அதே பிள்ளையின் கையில் கொடுத்து, கடைக்காரருக்கு 28 ரூபாய் தரச் சொல்லுங்கள். எட்டுக் காசு இல்லையே என்று ஒரு நோட்டைச் சில்லறையாக மாற்றும். கையில் இப்போது நான்கு நோட்டு, பன்னிரண்டு காசு. இரண்டு நோட்டும் எட்டுக் காசும் கொடுத்தால் மிச்சம் இரண்டு நோட்டும் நான்கு காசும். நோட்டுப் புத்தகத்தில் ஐந்தை அடித்து நான்கு போட்டது எதற்கு என்பது அந்த நிமிடத்தில் விளங்கும். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் பதினேழாம் வாய்ப்பாடு தின்றுகொண்டிருக்கிறது.

இன்னொன்றும் பாருங்கள். அந்த அம்மாவே கடையில் நிற்கும்போது கடன் வாங்கிக் கழிப்பதில்லை. 28க்கு இரண்டு சேர்த்தால் 30, அதிலிருந்து 52க்கு 22, ஆக 24 என்று மனதுக்குள் ஏறிப்போய் முடித்துவிடுகிறார். பருத்தி எடுக்கப் போனால் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று தன் கூலியை யாரிடமும் கேட்காமல் சொல்கிறார். செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் போட்டவர், பட்டறையில் வைத்திருந்தால் எவ்வளவு காய்ந்து எடை குறையும், விலை எவ்வளவு ஏறினால் அந்த நட்டம் கட்டும் என்று கணக்குப் போட்டுத்தான் விற்கிறார். ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்காரர்களும், மகளிர் குழுவில் வட்டி எழுதும் பெண்களும் விகிதமும் சதவீதமும் புழங்குகிறவர்கள். இத்தனையும் தெரிந்தவர்கள் பிள்ளையின் நோட்டைப் பார்த்ததும், "எனக்கென்ன தெரியும், நான் அஞ்சாவதுதான் படிச்சேன்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பிள்ளை 28, 30, 52 என்று ஏறிப்போய் விடை சொன்னால், "மிஸ் சொன்ன மாதிரி போடு" என்று அதட்டுகிறார்கள். வீட்டில் ஏற்கெனவே இருந்த நல்ல கணக்கை வீடே வெளியே தள்ளுகிறது.

கடைக் கணக்குக்கும் நோட்டுக் கணக்குக்கும் இடையே உள்ள இந்தப் பிளவு எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்று உண்டு. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் சிறுவர்களையும் பள்ளிக்கு மட்டும் போகும் சிறுவர்களையும் வைத்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் அடங்கிய குழு நடத்திய ஆய்வை 2025இல் நேச்சர் இதழ் வெளியிட்டது. சந்தைச் சிறுவர்கள் சிக்கலான வியாபாரக் கணக்கை மனதிலேயே போட்டார்கள்; பாடப்புத்தக வடிவில் கொடுத்த எளிய கணக்கில் தவறினார்கள். பள்ளிச் சிறுவர்கள் தாளில் தேறினார்கள், சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இரண்டு கரையையும் இணைக்க யாருமில்லை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அந்தப் பாலத்தைப் போட வீட்டைவிடப் பொருத்தமான இடம் எது?

எண்சுவடியைச் சான்றுக்கு அழைப்பவர்கள் அதில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். வெறும் பெருக்கல் பட்டியல் அல்ல அது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று நிறுத்தலையும் முகத்தலையும் ஒட்டியே எண் வந்தது. முந்திரியும் காணியும் மாவும் அன்றாடம் நெல்லிலும் நிலத்திலும் புழங்கிய பின்னங்கள். செந்தில்பாபு தென்னிந்தியக் கணக்கு மரபைப் பற்றி எழுதிய நூல், மனப்பாடம் அந்தப் பள்ளிகளில் தொழிலோடும் அளவையோடும் பிணைந்திருந்ததை விரிவாகக் காட்டுகிறது. பிணைப்பை அறுத்துவிட்டு மனப்பாடத்தை மட்டும் மரபு என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பதினெட்டாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கும் இன்றைய பிள்ளைக்கு ஒரு மரக்கால் எவ்வளவு என்றும் தெரியாது, ஒரு லிட்டர் தண்ணீர் எத்தனை டம்ளர் என்றும் தெரியாது.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், குறைகள் பல இருந்தாலும், எண்ணைப் பொருளோடு சேர்த்துக் கற்பிக்கவே வகுக்கப்பட்டது. பள்ளியில் மணிகளையும் குச்சிகளையும் பத்துப் பத்தாகக் கட்டிவிட்டு வரும் பிள்ளையிடம், "இன்னிக்கும் விளையாட்டுதானா, கணக்கு எதுவும் போடலையா?" என்று வீடு கேட்கிறது. பள்ளி கட்டியதை வீடு ஒவ்வொரு மாலையும் அவிழ்க்கிறது. 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதம் பற்றி ஆர். ராமானுஜம் தலைமையிலான குழு எழுதிய அறிக்கை, குழந்தையின் சிந்தனையையே கணிதமயமாக்குவதுதான் நோக்கம் என்றது. கணிதத்தின் மீதுள்ள பயத்தையும் தோல்வி உணர்வையும் முதல் சிக்கலாகக் குறித்தது. நின்றுகொண்டே ஒப்பிக்கும் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது அந்தப் பயத்தைத்தான். திணறினால் அடி, தாமதித்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பீடு. யோசிப்பது என்றாலே தாமதிப்பதுதான். அந்தத் தாமதத்தைத்தான் இங்கே குற்றமாக்கி வைத்திருக்கிறோம். வேகத்துக்குக் கோப்பை கொடுக்கும் அபாகஸ் போட்டிகளை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. ஏழு வயதுப் பிள்ளையின் கையில் கடிகாரத்தைக் கொடுத்து யோசனையைப் பறிப்பது கல்வியே அல்ல.

பெற்றோருக்கு நேரமில்லை என்பார்கள். காட்டு வேலைக்கும் ஆலை ஷிப்ட்டுக்கும் போய் வருகிறவர்களுக்கு நேரம் இல்லைதான். வாய்ப்பாடு கேட்கிற நேரமே போதும், கேள்வியை மட்டும் மாற்றுங்கள். பிள்ளை விடை சொன்னதும் "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள். விடை தப்பாக இருந்தால் மட்டுமல்ல, சரியாக இருக்கும்போதும் கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் கேள்வியே தண்டனையாகிவிடும். அது சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். பிறகு நீங்கள் கடையிலும் களத்திலும் அந்தக் கணக்கை எப்படிப் போடுவீர்கள் என்று அதற்குச் சொல்லிக்கொடுங்கள்.