பாஸ்மதியும் டிஎன்ஏவும்: சோதனை சொல்வது, சொல்லாதது

உணவு மோசடி பற்றி வருகிற கட்டுரைகளில் பாஸ்மதி கதைக்கு நிரந்தர இடம் உண்டு. பிரிட்டனின் உணவுத் தர முகமை கடைகளில் வாங்கிய 363 மாதிரிகளைச் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டது. 46 சதவீத மாதிரிகளில் பாஸ்மதி அல்லாத அரிசியும் இருந்தது. 9 சதவீத மாதிரிகளில் பாதிக்கு மேல், அதாவது 60 சதவீதத்துக்கும் அதிகமாக, வேறு அரிசி! உடனே "டிஎன்ஏ வந்தாச்சு, இனி ஏமாத்த முடியாது" என்று கட்டுரை முடிந்துவிடும். எனக்குச் சிக்கல் அந்த முடிவில்தான்.

முதலில் சோதனைக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். நீளம், மெலிவு, மணம் இதையெல்லாம் வைத்துப் பிடிப்பது கஷ்டம். மணத்துக்கு முக்கியக் காரணமான 2-அசிட்டைல்-1-பைரோலின் பாஸ்மதிக்கு மட்டும் சொந்தமில்லை. தாய்லாந்தின் மல்லிகை அரிசியிலும் உண்டு, ரம்பை இலையிலும் உண்டு. டிஎன்ஏ அப்படியில்லை. மரபணுத் தொகுதியில் சில இடங்களில் ஒரு சின்னத் துணுக்கு திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ரகத்துக்கு ரகம் மாறும். இப்படிப் பல இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் அது ரகத்தின் கைரேகை மாதிரி.

ஆனா ஆய்வகத்துக்கு வருவது ஒரு மூட்டையிலிருந்து எடுத்த கலவை. அதை மாவாக அரைத்து மொத்தமாக டிஎன்ஏ எடுத்தால், இரண்டு ரகங்களின் தடயங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அவற்றின் விகிதத்திலிருந்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்கிட வேண்டும். கலந்த ரகத்துக்கே ஒரு பாஸ்மதிப் பெற்றோர் இருந்தால் பல இடங்களில் கைரேகை ஒத்துப்போகும்; அந்த இடங்களில் கலப்பு கண்ணில் படாது. பிரிட்டனில் 2005-இல் வந்த நடைமுறை விதி 7 சதவீதம் வரை பொறுத்துக்கொண்டது. வயலிலும் ஆலையிலும் தற்செயலாகக் கலப்பதற்கான இடம் அது. நியாயம்தான். ஆனால் 6-க்கும் 8-க்கும் நடுவில் ஒரு வியாபாரியின் பெயரே தொங்குகிறது என்றால், அந்த எண்ணோடு பிழை வரம்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? செய்திகளில் அது வருவதே இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம், கைரேகையை எந்தப் பட்டியலோடு ஒப்பிடுகிறோம் என்பது. 2005 விதியில் 15 ரகங்கள். 2017 திருத்தத்தில் 41. பூசா 1121-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் வெளியானபோது அதன் பெயர் பூசா சுகந்த் 4. பெயரில் பாஸ்மதி இல்லை. 2008-இல் இந்திய அரசு பாஸ்மதியின் வரையறையை மாற்றிய பிறகு அது பூசா பாஸ்மதி 1121 ஆனது. இன்று ஏற்றுமதியில் அதுதான் பெரும்புள்ளி. அரிசி மாறவில்லை, டிஎன்ஏவும் மாறவில்லை. மாறியது அரசிதழ் அறிவிப்பு. ஆய்வகம் "இது 1121" என்று சொல்லும். "இது பாஸ்மதி" என்று சொல்வது கமிட்டி. (நல்ல பிரியாணிக்குச் சீரகச் சம்பாதான் என்று திண்டுக்கல்காரர்கள் சொல்வது தனி வழக்கு.)

அடுத்தது ஊர். இந்தியாவில் பாஸ்மதிக்கு 2016-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பஞ்சாப், ஹரியானா, டெல்லி, இமாச்சல், உத்தரகண்ட், மேற்கு உத்தரப்பிரதேசம், ஜம்முவின் சில பகுதிகள், அவ்வளவுதான். மத்தியப் பிரதேசம் தன் 13 மாவட்டங்களையும் சேர்க்கச் சொல்லிப் போராடுகிறது. பதிவகம் சென்னையில் இருப்பதால் வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்து, 2020-இல் தள்ளுபடியாகி, 2021-இல் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து திருப்பி அனுப்பியது.

பிண்டிலோ முரைனாவிலோ ஒரு விவசாயி அதே 1121 விதையை விதைக்கிறார். டிஎன்ஏ சோதனையில் அவர் நெல் நூற்றுக்கு நூறு தேறும். சட்டப்படி அதைப் பாஸ்மதி என்று விற்க முடியாது. அதே நெல் லாரி ஏறி ஹரியானா மண்டிக்குப் போனால்? எந்த மரபணுக் கருவியும் காட்டிக்கொடுக்காது. மோசடி என்று சட்டம் சொல்வதில் ஒரு பாதி சோதனைக்கு வெளியே நிற்கிறது. இன்னொரு பக்கம், ஒரே சமவெளியைக் கோடு போட்டுப் பிரித்ததில் நஷ்டப்படும் விவசாயி மோசடிக்காரர்தானா என்ற கேள்வியும் நிற்கிறது.

ஐசோடோப் சோதனை இருக்கிறதே என்பீர்கள். ஆக்சிஜன், ஹைட்ரஜன், ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்களின் விகிதம் அந்த ஊர்த் தண்ணீரையும் மண்ணையும் ஓரளவு காட்டும்தான். பஞ்சாபையும் தாய்லாந்தையும் பிரிக்கலாம். ஆனால் மேற்கு உத்தரப்பிரதேசத்தையும் அதை ஒட்டிய பிண்டையும் நீதிமன்றத்தில் நிற்கும் அளவுக்குப் பிரிக்க வேண்டுமானால், ஆண்டுதோறும் வயல் வயலாக எடுத்த ஒப்பீட்டு மாதிரிகள் வேண்டும். மழையும் பாசனமும் வருஷத்துக்கு வருஷம் மாறும்.

2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தர விதிகள் செயற்கை மணத்தைத் தடை செய்தன. அரிசியின் சராசரி அளவு, வெந்தபின் நீளும் விகிதம், ஈரப்பதம், அமைலோஸ் எல்லாவற்றுக்கும் வரம்பு வைத்தன. சமைத்துச் சாப்பிடுபவருக்கு இவை உதவும். ஆனால் முரைனா நெல்லும் கர்னால் நெல்லும் இந்த வரம்புகளை ஒரே மாதிரி தாண்டிப் போய்விடும்.